வீட்டை அடகு வைப்பதற்கு முன்: சாட்ஸ்வர்த் தாய் ஒருவருக்கு மறுமொழி

அன்புள்ள அம்மா,

தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனில் மகளுக்கு மருத்துவ இடம் கிடைப்பது அரிது என்றும், வீட்டை அடகு வைத்தாவது வெளிநாட்டு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பும்படி அவளுடைய தாய்மாமன் வற்புறுத்துகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கலக்கம் புரிகிறது. ஆனால் அந்த யோசனையை நான் ஏற்கவில்லை. ரத்தத்தைக் கண்டால் மயங்குவாள், நுண்ணோக்கியை விட்டு எழ மாட்டாள் என்று நீங்களே குறிப்பிடும் பெண்ணின் தலையில் கடனையும் மருத்துவத்தையும் சேர்த்துச் சுமத்துவது நியாயமல்ல. வெளிநாட்டுப் பட்டத்தோடு திரும்புபவர்கள் இங்கே தனித்தேர்வு எழுதித் தேறிய பிறகே பணியாற்ற முடியும் என்பதை மாமன் சொன்னாரா?

நுண்ணோக்கியை விரும்பும் உங்கள் மகளுக்கு ஏற்றதாக, நிலவியலில் நுண்புதைபடிவ ஆய்வு என்றொரு பிரிவு உண்டு. கடலடியிலிருந்து குழாய்களில் எடுத்த சேற்றைச் சலித்து, மணல்மணி அளவேயான நுண்ணுயிர் ஓடுகளை ஈரத்தூரிகையின் நுனியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எந்த உயிரினம் எந்த அடுக்கில் தோன்றி எதில் மறைகிறது என்பதிலிருந்து அந்தப் படிவின் வயதையும் அன்றைய கடலின் தன்மையையும் கணிப்பார்கள். ஆர்க்டிக்கில் சுண்ணாம்பு ஓடுகள் பெரும்பாலும் கரைந்துவிடுவதால், ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தால் மணலையும் களிமண்ணையும் கரைத்து, அதிலும் அழியாமல் எஞ்சும் டைனோஃபிளாஜெல்லேட் என்னும் நுண்ணுயிர்களின் உறைகளை நம்ப வேண்டியிருக்கிறது. 2004ஆம் ஆண்டு வட துருவத்துக்கு அருகே லொமொனோசொவ் கடலடி முகட்டில், பனியுடைக்கும் கப்பல்களின் துணையோடு 400 மீட்டருக்கும் ஆழமாகத் துளையிட்டார்கள். சுமார் 5.5 கோடி ஆண்டுப் பழமையான அடுக்கில், வெதுவெதுப்பான கடல்களுக்குரிய அபெக்டோடினியம் என்னும் டைனோஃபிளாஜெல்லேட் வகை கிடைத்தது. அதற்கு மேலே, ஏறத்தாழ 4.9 கோடி ஆண்டு அடுக்கில், தமிழ்நாட்டு நெல்வயல்களில் உரத்துக்காக வளர்க்கும் அசோலாவின் அதே பேரினத்தைச் சேர்ந்த பெரணியின் எச்சங்கள் குவிந்திருந்தன. நன்னீரில் வளரும் செடி அது என்பதால், அக்கடலின் மேற்பரப்பு சில காலமேனும் உப்புக் குன்றியிருந்தது என்று தெரிந்தது.

குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் வெஸ்ட்வில் வளாகத்தில் நிலவியல் கற்பிக்கிறார்கள், வீட்டிலிருந்தே போய்வரலாம். குடும்பத்தின் ஆண்டு வருமானம் 3,50,000 ராண்டைத் தாண்டாவிட்டால் அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்எஃப்ஏஎஸ் உதவிக்கும் விண்ணப்பியுங்கள். வேலையிடங்கள் குறைவு என்பதை மறைக்க மாட்டேன். மூன்றாண்டு பி.எஸ்சி., ஓராண்டு ஆனர்ஸ் ஆகியவற்றோடு நிற்காமல் முதுகலையும் முடிக்க வேண்டும். வெளிநாடு செல்லவும் நேரலாம், ஆனால் உதவித்தொகை கிடைத்தால் மட்டுமே செல்லட்டும். கடலடி எண்ணெய், எரிவாயுத் துளைப்பிலும் இதே திறனுக்குத் தேவை உண்டு.

பள்ளி இறுதியாண்டான மெட்ரிக்கில் கணிதத்தையும் இயற்பியல்-வேதியியலையும் அவள் கைவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் முதல் விருப்பத்தை அவளே எழுதட்டும்.