கல்லீரல் கொழுப்புக்கு வயிற்றில் ஆபரேஷனா?

கேள்வி: எனக்கு வயது 41. திருநெல்வேலியில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். எடை 104 கிலோ, உயரம் 162 செ.மீ. மதுப்பழக்கம் கிடையாது. 8 வருடங்களாகச் சர்க்கரை நோய். மாத்திரை, இரவில் இன்சுலின் என்று எடுத்தும் மூன்று மாதச் சராசரி 8.6-க்குக் கீழே இறங்கவில்லை. வயிற்று ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்தது. ஃபைப்ரோஸ்கேனில் 10.2. எடைக் குறைப்பு ஆபரேஷன் செய்தால் கல்லீரலும் சரியாகும் என்கிறார் மருத்துவர். "வாயைக் கட்டினால் போகிற கொழுப்புக்கு வயிற்றை வெட்டணுமா?" என்கிறார் அண்ணன். மூன்று முறை 6, 7 கிலோ குறைத்தேன். மூன்று முறையும் திரும்ப ஏறிவிட்டது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: உங்கள் மருத்துவர் சொன்னது நல்ல யோசனை. நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் நானும் அதையே சொல்வேன். ஆனால் தேதி குறிப்பதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

முதலில் அண்ணன் சொன்னது. எடையில் 5 சதவீதம் குறைந்தாலே கல்லீரலில் கொழுப்பு கரையத் தொடங்கும். 7 முதல் 10 சதவீதம் குறைந்தால் பலருக்கு அழற்சி அடங்கும். 10-ஐத் தாண்டினால் தழும்புகூட இளக வாய்ப்பு உண்டு. உங்கள் கணக்கில் அது பத்தரை கிலோ. அந்த வகையில் அவர் சொல்வது சரிதான். சிக்கல் குறைப்பதில் இல்லை, குறைந்த இடத்தில் நிற்பதில்தான் இருக்கிறது. எடை இறங்கியதும் உடம்பு அதைப் பஞ்சம் என்று எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் கூடுகிறது, உடம்பு எரிக்கும் கலோரி குறைகிறது. மூன்று முறை வாயைக் கட்டியவருக்கு மன உறுதி இல்லை என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

அடுத்து, 'கிரேடு 2' என்பதை மனதில் இருந்து எடுத்துவிடுங்கள். அது கொழுப்பு எவ்வளவு இருக்கிறது என்று குத்துமதிப்பாகச் சொல்வது. ஆயுளைத் தீர்மானிப்பது கொழுப்பு அல்ல, அதனால் விழும் தழும்பு. அதைச் சொல்வது, கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எண். 8 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. 12-ஐத் தாண்டினால் முற்றிய தழும்பு இருக்கக்கூடும். உங்கள் 10.2 நடுவில் நிற்கிறது. கிரேடு 3 என்று எழுதப்பட்டும் தழும்பே இல்லாதவர்களைப் பார்க்கிறேன். கிரேடு 1 என்று நிம்மதியாக இருந்து, தழும்பு முற்றிக் கல்லீரல் இறுகிப்போன சிரோசிஸோடு வருபவர்களையும் பார்க்கிறேன். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இப்போது ஆபரேஷன். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பாகத்துக்கு மேல் எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் போல ஆக்குவார்கள். பைபாஸில் சின்னப் பை ஒன்றை உண்டாக்கி அதைச் சிறுகுடலோடு நேராக இணைப்பார்கள். இரண்டிலும் இரைப்பை சிறுத்துப்போவது மட்டும் நடப்பதில்லை. பசி, நிறைவு, இன்சுலின் சம்பந்தப்பட்ட ஹார்மோன்களும் மாறுகின்றன. வீட்டில் செய்த டயட்டுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம்.

கல்லீரலுக்குப் பலன் உண்டா? ரோமில் 288 பேரை மூன்று குழுவாகப் பிரித்து நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. ஒரு வருடத்தில், உணவு, உடற்பயிற்சி, மருந்து என்று இருந்தவர்களில் 16 சதவீதம் பேருக்குக் கல்லீரல் அழற்சி நோய் மறைந்தது. பைபாஸில் 56, ஸ்லீவில் 57. பிரான்சின் லில் நகரில், ஆபரேஷன் செய்தவர்களுக்கு 5 வருடம் கழித்து மறுபடி பயாப்ஸி, அதாவது கல்லீரலில் சின்னத் துண்டு எடுத்துப் பார்த்தார்கள். 84 சதவீதம் பேருக்கு அழற்சி இல்லை. சுமார் 70 சதவீதம் பேருக்குத் தழும்பே குறைந்திருந்தது. தழும்பு குறையும் என்பதை நான் படித்த காலத்தில் யாரும் சொல்லித் தந்ததில்லை.

ஆபத்தையும் மறைக்கக் கூடாது. அமெரிக்காவின் கிளீவ்லாண்ட் கிளினிக் 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஆபரேஷன் செய்தவர்களில் 0.6 சதவீதம் பேர் முதல் வருடத்துக்குள் அதன் சிக்கல்களால் இறந்தார்கள். அதே ஆய்வில் 10 வருடத்தில் கல்லீரல் பெரிதாகப் பாதிக்கப்பட்டவர்கள் செய்தவர்களில் 2.3 சதவீதம், செய்யாதவர்களில் 9.6 சதவீதம். இரண்டு கணக்கையும் அண்ணனுக்குக் காட்டுங்கள்.

தேதிக்கு முன் பார்க்க வேண்டியது சிரோசிஸ். வயிற்றில் நீர் கோத்தல், காமாலை என்று கல்லீரல் தளர்ந்துவிட்டவருக்கு இந்த ஆபரேஷன் கூடாது. உங்களுக்கு அப்படித் தெரியவில்லை. இருந்தாலும் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனைகள், பிளேட்லெட் எண்ணிக்கையோடு ஒரு கல்லீரல் மருத்துவரைப் பாருங்கள். எண்டோஸ்கோபியும் செய்யுங்கள், உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருந்தால் முடிவே மாறும். ஆபரேஷன் நடக்கும்போதே சின்னத் துண்டு எடுத்து பயாப்ஸி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், அதற்கென்று தனியாக ஊசி குத்த வேண்டியிருக்காது.

ஆபரேஷனுக்கு முன் 2 வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு தருவார்கள். பலர் இதைச் சடங்கு என்று நினைத்து ஏமாற்றிவிடுகிறார்கள். சின்னத் துளை வழியே லேப்ராஸ்கோபி கேமரா உள்ளே போனதும் திரையில் தெரிவது கல்லீரல். நல்ல கல்லீரல் கருஞ்சிவப்பாக, ஓரம் மெலிந்து இருக்கும். கொழுப்பேறியது மஞ்சளித்து, ஓரம் மழுங்கி, அதன் இடது மடல் இரைப்பையைப் போர்வை மாதிரி மூடிக் கிடக்கும். அதைத் தூக்கிப் பிடித்தால்தான் சர்ஜனுக்கு வழி. அந்த 2 வாரத்தில் அது சுருங்கிவிடும். உங்களுக்கு இன்சுலினும் இருப்பதால், அந்த நாட்களில் இன்சுலின் அளவைக் குறைக்காமல் பட்டினி கிடக்காதீர்கள். சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

ஸ்லீவா பைபாஸா? கல்லீரலுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று. உங்கள் சர்க்கரைக்கும், நெஞ்செரிச்சல் இருந்தால் அதற்கும், பைபாஸ் மேல். பசியைக் குறைத்து எடையை இறக்கும் செமாக்லூடைடு ஊசியும் இந்தக் கல்லீரல் நோய்க்கு நல்ல மருந்துதான். நிறுத்தினால் எடை திரும்பும் என்பதால் தொடர்ந்து போட வேண்டும். ஆபரேஷனுக்குத் தயங்கினால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

செலவைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். காப்பீட்டு பாலிசிகள் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 40 இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கட்டுப்படாத சர்க்கரை போன்ற கடுமையான துணை நோய் இருந்தாலோதான் பொதுவாக இதை ஏற்கும். உங்கள் பி.எம்.ஐ. 39.6. மருத்துவரின் கடிதத்தில் ஃபேட்டி லிவர் மட்டும் இருந்தால் நிராகரிக்கப்படலாம், சர்க்கரையின் அந்த 8.6 சராசரியையும் எழுதச் சொல்லுங்கள்.

அப்புறம் சாப்பாடு. முதலில் சில வாரம் திரவ உணவு, பிறகு கூழ் பதம், ஒன்றரை மாதம் வாக்கில் மென்மையான சாதாரண உணவு. தட்டில் முட்டை, மீன், பருப்பு முதலில், இட்லி கடைசியில். ஒரு இட்லிக்கு 20 நிமிடம் கொடுங்கள். பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி ஆயுள் முழுக்க உண்டு. ஃபைப்ரோஸ்கேனை ஒரு வருடம் கழித்து மறுபடி எடுங்கள். அந்த எண்ணை எனக்கும் எழுதுங்கள்.