போர்க்காலப் பிரசாரம்: கேட்டவையும் என் பதில்களும்

போர்க்காலப் பிரசாரம் என்றாலே முழுப் பொய்தானா சார்?

இல்லை. பெரும்பாலும் உண்மையில்தான் வேர்விடும். முதல் உலகப்போரின் தொடக்கத்தில், 1914 ஆகஸ்டில், ஜெர்மன் படை பெல்ஜியத்துக்குள் நுழைந்தது. தினான் என்ற சிறிய ஊரில் மட்டும் 674 பொதுமக்களைக் கொன்றது; லூவன் பல்கலைக்கழக நூலகத்தைக் கொளுத்தியது. இவை நடந்தவை. ஆனால் பெல்ஜியக் குழந்தைகளின் கைகளை வெட்டினார்கள் என்ற கதையும் கூடவே பரவியது. அப்படிக் கை வெட்டப்பட்ட ஒரு குழந்தையைக்கூட யாராலும் கடைசிவரை காட்ட முடியவில்லை. இதை விசாரிக்க பிரிட்டிஷ் அரசு அமைத்த குழுவின் தலைவர் பிரைஸ் பிரபு; 1915 மே மாதம் வந்த அவரது அறிக்கை உண்மை, பொய் இரண்டையும் ஒன்றாகக் கலந்தே வெளியிட்டது. சாட்சிகளிடம் சத்தியப்பிரமாணம் வாங்கவில்லை, பெயர்களும் இல்லை. செத்துப்போன அந்த 674 பேருக்கு இது செய்த துரோகம்தான் எனக்குத் தாங்கவில்லை.

பிணங்களிலிருந்து கொழுப்பு எடுத்த கதை அந்தக் காலத்தியதுதானே?

ஆமாம், 1917 ஏப்ரல். போர்முனைக்குப் பின்னால், செத்த விலங்குகளை உருக்கிக் கொழுப்பெடுக்கும் ஆலை ஒன்றைப் பற்றி ஜெர்மன் பத்திரிகையில் ஒரு குறிப்பு வந்தது. அதிலிருந்த ‘கடாவர்’ என்ற சொல் ஜெர்மனில் பொதுவாக விலங்கின் சடலத்தைக் குறிக்கும். ஆங்கிலத்தில் அதே போன்ற சொல்லுக்கு மனிதப் பிணம் என்று பொருள். லண்டனில் டைம்ஸும் டெய்லி மெயிலும், ஜெர்மானியர்கள் தங்கள் வீரர்களின் பிணங்களையே காய்ச்சுகிறார்கள் என்று எழுதின. ஜெர்மனியின் மறுப்பை பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆஸ்டன் சேம்பர்லின் நாடாளுமன்றத்தில் ஏற்றுக்கொண்டது 1925 டிசம்பரில்தான்.

போர் முடிந்தபின் பொய் வெளிப்பட்டால் என்ன நஷ்டம்?

இதற்குத்தான் நான் நிறைய எழுத விரும்புகிறேன். 1943-இல் நாஜிகள் விஷவாயு அறைகளில் மக்களைக் கொல்கிறார்கள் என்ற செய்தி லண்டனுக்கு வந்தது. பிரிட்டிஷ் உளவுத்துறைக் கூட்டுக் குழுவின் தலைவர் அதைச் சந்தேகித்தார். போன போரில் பரப்பிய கொழுப்புக் கதையை இது நினைவூட்டுகிறது என்று குறிப்பு எழுதினார். பழைய பொய், அதைப் பரப்பியவர்களின் எதிரிக்கே கவசமாகிவிட்டது. அந்த நேரத்தில் போலந்தில் கொலை நடந்துகொண்டிருந்தது.

எம்டன் கப்பல் சென்னையைத் தாக்கியபோதும் பிரசாரம் இருந்ததா?

1914 செப்டம்பர் 22 இரவு அந்த ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு வீசியது, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. பல ஆயிரம் பேர் ஊரை விட்டுக் கிளம்பியதற்கு வதந்தி முக்கியக் காரணம். திட்டமிட்டுப் பரப்பினால்தான் அதைப் பிரசாரம் என்பேன்.

நம் காலத்தில் ஓர் உதாரணம் சொல்லுங்களேன்.

ஈராக் குவைத்தைப் பிடித்துவைத்திருந்த 1990 அக்டோபரில், வாஷிங்டனில் 15 வயதுப் பெண் ஒருத்தி அழுதபடி சாட்சி சொன்னாள். குவைத் மருத்துவமனையில் ஈராக்கிய வீரர்கள் குழந்தைகளை இன்குபேட்டரிலிருந்து எடுத்துத் தரையில் போட்டார்கள் என்றாள். அமெரிக்க அதிபர் புஷ் அதைப் பலமுறை சொன்னார். அவள் குவைத் தூதரின் மகள் என்பதும், ஒரு மக்கள் தொடர்பு நிறுவனம் பின்னால் இருந்ததும் 1992 ஜனவரியில்தான் வெளியே தெரிந்தது. அதற்குள் வளைகுடாப் போரே முடிந்துவிட்டது.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போர் வீடியோ வந்தால் என்ன பார்க்க வேண்டும்?

முதலில் எந்த ஊர், எந்தத் தேதி, யார் எடுத்தது? அப்புறம், வேற்றுமொழிப் பேச்சு என்றால் தமிழில் போட்டவர் யார்? குழந்தையைக் காட்டி உடனே ஆத்திரப்பட வைத்தால், ஒரு நாள் காத்திருங்கள். அனுப்பியவர் பெரியப்பாவே ஆனாலும், “இது எங்கிருந்து வந்தது பெரியப்பா?” என்று மரியாதையாகக் கேளுங்கள்.