பூனையின் தீராத வாய்ப்புண் சாப்பாட்டை மாற்றினால் ஆறுமா?

ஊசி போட்டால் இரண்டு வாரம் நன்றாக இருக்கிறது, பிறகு வாய்ப்புண் திரும்பி வந்துவிடுகிறது, சாப்பாட்டை மாற்றினால் ஆறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது மட்டும் போதாது. ஆனால் வைத்தியம் முடியும்வரை பூனையைத் தாங்கி நிறுத்துவது சாப்பாடுதான்.

நாங்கள் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறோம். எங்கள் செம்பிக்கு இது வந்தபோது, பசியோடு தட்டுக்கு ஓடி வருவாள். ஒரு வாய் நக்குவாள். உடனே வீலென்று கத்தி, முன்னங்காலால் வாயை அடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ஒழுகிய எச்சில் காய்ந்து முன்னங்கால் முடியெல்லாம் பழுப்பாக ஒட்டிக் கிடக்கும்.

பல்லில் படியும் கிருமிகளை எதிர்க்கிறேன் என்று உடம்பின் எதிர்ப்புச் சக்தி அளவு மீறுவதால் ஈறும் வாயின் உள்பக்கமும் வெந்து போகின்றன. பூனைகளுக்குச் சளியும் வாய்ப்புண்ணும் தரும் கலிசி வைரஸும் பல பூனைகளிடம் சேர்ந்தே இருக்கிறது. இது தெரியாமல் கோழி, மீன், விலை கூடிய பாக்கெட் என்று மாற்றி மாற்றி நான்கு மாதத்தை வீணாக்கினேன். அவள் பட்ட வலியை நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை. ஒவ்வாமை இருக்கலாம் என்று தோன்றினால், இதுவரை தின்னாத இறைச்சியைச் சில வாரம் கொடுத்துப் பார்க்க மருத்துவர் சொல்லலாம். அதைச் செய்யுங்கள். அதற்காக மற்ற வைத்தியத்தைத் தள்ளிப் போடாதீர்கள்.

கொடுக்கும் பக்குவம் முக்கியம். உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் கோழியை வேகவைத்து, எலும்பு நீக்கி, அந்த வேகவைத்த தண்ணீரையே விட்டு மிக்சியில் கூழாக அரைப்பேன். திப்பி இருந்தால் புண்ணில் உரசும். மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்தால் இதமாகச் சுட வேண்டும், அவ்வளவுதான். வாயைப் பெரிதாகத் திறக்காமலே நக்கும்படி தட்டையான தட்டில் வையுங்கள். கோழி மட்டும் போதாது. பூனைக்கான ஈர உணவையும் சேர்த்துப் பிசையுங்கள், ஏனென்றால் டாரின் சத்து குறைந்தால் பூனையின் இதயம் கெடும் என்பது 1987லேயே தெரிந்துவிட்டது. தயிர்சாதத்தில் அந்தச் சத்து கிடையாது. நம் ஊர் வெயிலில் எச்சில் ஒழுகும் பூனைக்கு உடம்பில் தண்ணீர் சீக்கிரம் வற்றும், கூழைத் தண்ணியாகவே கரையுங்கள். மிச்சத்தை அரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஒன்று, வலிக்கு வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். பூனைக்கு அது விஷம்.

கடைசியில் கைகொடுத்தது பல் பிடுங்கியதுதான். கடைவாய்ப் பற்கள் எல்லாவற்றையும், தேவைப்பட்டால் மொத்தப் பற்களையும் எடுக்கிறார்கள். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பூனைகள் நன்றாகத் தேறுகின்றன, மற்றவற்றுக்கு மருந்து தொடர வேண்டியிருக்கிறது. ஸ்டீராய்டு ஊசியையே நம்பியிருந்தால் சர்க்கரை நோய் வரலாம், அதனால் பல் எடுப்பதைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். பல்லில்லாமல் எப்படித் தின்னும் என்று நானும் அழுதேன். செம்பி இப்போது ஊறவைத்த உலர் தீனியைக்கூடத் தட்டிலிருந்து தலை எடுக்காமல் தின்கிறாள்.

பல் எடுக்கும் நாள்வரை தினமும் எவ்வளவு உள்ளே போகிறது என்று எழுதி வையுங்கள். இரண்டு நாள் ஒன்றுமே தின்னவில்லை என்றால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். மூன்றாவது நாளுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.