கவுன்டி சிறைக் கைதியைச் சாலை வேலைக்கு அனுப்பலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் என் தம்பி 60 நாள் தண்டனை பெற்று கவுன்டி சிறையில் இருக்கிறான். சாலையோரம் குப்பை அள்ளவும் களை வெட்டவும் போகச் சொல்கிறார்கள். அவனுக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியிருக்கிறது. மறுக்க முடியுமா? கூலி உண்டா? அடிபட்டால் யார் பொறுப்பு?

பதில்: தம்பி 'தண்டனை பெற்று' இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் முதல் கேள்விக்கான விடை அந்தச் சொல்லில்தான் இருக்கிறது. 1865-இல் அடிமை முறையை ஒழித்த அமெரிக்க அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம், குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டவரிடம் தண்டனையாக வேலை வாங்குவதற்கு மட்டும் விலக்கு அளித்தது. உள்நாட்டுப் போருக்குப் பின் தென் மாநிலங்கள் இந்த விலக்கைப் பிடித்துக்கொண்டுதான், பெரும்பாலும் கறுப்பின மக்களைச் சங்கிலியில் பிணைத்துச் சாலை போட வைத்தன. அந்த விலக்கு நீங்க வேண்டும் என்றே நான் நினைக்கிறேன். ஆனால் கட்டாய உழைப்பை முற்றிலும் தடைசெய்யக் கோரிய 6-ஆவது முன்மொழிவை 2024 நவம்பரில் கலிஃபோர்னியா வாக்காளர்கள் ஏற்கவில்லை. எனவே, தீர்ப்புப் பெற்ற கவுன்டி சிறைக் கைதிகளைப் பொதுச் சாலைப் பணிக்கு அனுப்ப, கவுன்டியை (மாவட்டம் போன்ற பகுதியை) நிர்வகிக்கும் மேற்பார்வையாளர் குழு உத்தரவிடலாம் என்று கூறும் கலிஃபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 4017-ஆவது பிரிவு இன்றும் செல்லும். பிணைத் தொகை கட்ட முடியாமல் விசாரணைக்காகக் காத்திருப்பவரின் நிலை வேறு: தன் அறையையும் பொது இடத்தையும் சுத்தம் செய்வது போன்ற அன்றாட வேலைகளுக்கு அப்பால் அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

மறுத்தால் என்ன ஆகும் என்பதைத்தான் நன்றாக யோசிக்க வேண்டும். அதே சட்டத்தின் 4019-ஆவது பிரிவின்படி, தண்டனையின் ஒவ்வொரு 4 நாளிலும் நன்னடத்தைக்கு ஒரு நாளும் வேலைக்கு ஒரு நாளும் கழிக்கப்படுவதால், சிறையில் கழிக்கும் 2 நாள்கள் 4 நாள்களாகக் கணக்கிடப்படுகின்றன. 60 நாள் தண்டனை 30 நாளில் முடிந்துவிடும். (வன்முறைக் குற்றங்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது.) ஒதுக்கப்பட்ட வேலையை மறுத்ததாகப் பதிவானால் வேலைக்கான தண்டனைக் குறைப்பு போய்விடும், தொடர்ந்து மறுத்தால் ஏறத்தாழ 45 நாள் இருக்க நேரிடலாம். வேலையே ஒதுக்கப்படாதவருக்கு இந்த இழப்பு இல்லை. ஆகவே உங்கள் தம்பி "நான் போக மாட்டேன்" என்று சொல்லக் கூடாது. "என் முதுகு இந்த வேலையைத் தாங்காது, எனக்கு ஏற்ற வேறு வேலை கொடுங்கள்" என்று எழுதிக் கொடுக்க வேண்டும். ஈரக் குப்பை நிறைந்த பையைக் குனிந்து தூக்குவதும், சரிவில் நின்று களை வெட்டுவதும் டிஸ்க் விலகியவருக்கு எவ்வளவு ஆபத்து என்பதை மருத்துவர் ஒரு வரியில் எழுதித் தந்தாலே போதும். உடல் தாங்காத, உயிருக்கோ நலத்துக்கோ கேடு தரும் வேலையில் தெரிந்தே ஈடுபடுத்துவது கொடூரமான தண்டனையைத் தடைசெய்யும் அரசியலமைப்பின் 8-ஆவது திருத்தத்துக்கு முரணானது என்பது நீதிமன்றங்களின் நிலைப்பாடு. பழைய எம்.ஆர்.ஐ. அறிக்கையின் நகலைச் சிறை மருத்துவப் பிரிவுக்கு உடனே அனுப்பிவையுங்கள்.

கூலியைப் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 8 மணி நேரத்துக்கு 2 டாலர் என்பதே நெடுங்காலம் உச்சவரம்பாக இருந்தது. எவ்வளவு தருவது என்பதைக் கவுன்டிதான் முடிவு செய்கிறது.

விபத்து இழப்பீடு சிக்கலானது. காட்டுத்தீயைத் தடுக்கும் அல்லது அணைக்கும் பணியில் காயமடையும் கைதியை, இழப்பீட்டுக்காகக் கவுன்டி ஊழியராகவே 4017-ஆவது பிரிவு கருதுகிறது. சாலைப் பணிக்கு அத்தகைய உறுதி அதில் இல்லை. கட்டாய உத்தரவின் கீழ் வேலை செய்தாரா, தாமாக முன்வந்து செய்தாரா என்பதைப் பொறுத்தே நீதிமன்றங்கள் முடிவு செய்திருக்கின்றன. முன்வந்து செய்தவருக்கே ஊழியர் என்ற தகுதி கிடைக்கும் வாய்ப்பு அதிகம். இதனால் மேற்பார்வையாளர் குழுவின் உத்தரவு நகலை இப்போதே கேட்டு வாங்குங்கள். தன்னார்வலர் என்று எழுதப்பட்ட படிவம் எதிலாவது தம்பி கையெழுத்திட்டிருந்தால் அதன் நகலும் வேண்டும்.

வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டால், சிறையின் குறைதீர்ப்புப் படிவத்தை உரிய கெடுவுக்குள் நிரப்பி, மேல்முறையீட்டின் கடைசிப் படி வரை போகச் சொல்லுங்கள். 1996-ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டப்படி, அந்தப் படிகளை முடிக்காத கைதியின் வழக்கைக் கூட்டாட்சி நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்காது. ஒவ்வொரு படிவத்திலும் தேதி எழுதி, அதன் நகலைத் தபாலில் உங்களுக்கு அனுப்பிவைக்கச் சொல்லுங்கள்.