கார் மானிட்டர்: மாட்டுவதற்கு முன் மேஜையில் சோதிப்பது எப்படி?

கார் எலக்ட்ரிக்கல் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். டேஷ்போர்டைப் பிரித்து, சீட்டைக் கழற்றி, எல்லாம் மாட்டி முடித்த பிறகு திரை எரியவில்லை என்றால் அந்த உழைப்பு முழுக்க வீண். அதனால் இதுபற்றி வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டேன்.

கேள்வி: அண்ணா, சீட்டில் தலை சாய்க்கும் இடத்தில் மாட்டும் 7 இஞ்ச் ஹெட்ரெஸ்ட் மானிட்டர் இரண்டு வாங்கியிருக்கிறேன். வீட்டிலேயே ஓட்டிப் பார்க்க என்ன வேண்டும்?

சிசிடிவி கேமராவுக்குக் கொடுப்பார்களே, 12 வோல்ட் 2 ஆம்பியர் அடாப்டர், அது போதும் தம்பி. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போனால் கடைக்குக் கடை கிடைக்கும். இந்த அளவு மானிட்டர் பெரும்பாலும் ஒரு ஆம்பியருக்குள்தான் இழுக்கும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள்.

அடாப்டரை முதலில் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்துவிடுங்கள். டிசி 20 வோல்ட் ரேஞ்சில் 12 பக்கம் காட்ட வேண்டும். மைனஸ் குறி வந்தால் மீட்டரின் சிவப்பு முனை (புரோப்) இருக்கும் பக்கம்தான் மைனஸ். கனமான பழைய டிரான்ஸ்ஃபார்மர் அடாப்டர்கள், மேலே 12 என்று போட்டிருந்தாலும் எதுவும் இணைக்காதபோது 16, 17 காட்டும். அதை எடுத்து வைத்துவிடுங்கள்.

கேள்வி: லேப்டாப் சார்ஜர் சும்மா கிடக்கிறது. அதில் கொடுக்கலாமா?

வேண்டாம். பெரும்பாலும் அது 19 வோல்ட். ஓடும் காரிலேயே 14.4 வோல்ட் பக்கம்தான் வரும். பேட்டரி சார்ஜரிலிருந்து நேராகக் கொடுப்பதும் அப்படித்தான்; பேட்டரி இணைக்காத பழைய வகை சார்ஜரில் வரும் டிசி சீராக இருக்காது.

கேள்வி: கார் பேட்டரியிலேயே நேராகக் கொடுத்தால் என்ன தவறு?

கொடுக்கலாம், ஆனால் வெறும் வயரில் கொடுக்கக் கூடாது. 12 வோல்ட் ஷாக் அடிக்காது என்று பலரும் அலட்சியமாக இருக்கிறார்கள். ஷார்ட் ஆனால் அந்தப் பேட்டரி நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஃபியூஸ் போடாமல் ஒரு மானிட்டரைச் சோதித்தேன். தோல் உரித்த வயர் நுனி பேட்டரி கிளாம்பில் பட்டது. கையை எடுப்பதற்குள் வயர் முழுக்கப் புகைந்து, பிளாஸ்டிக் உருகி விரலில் ஒட்டிக்கொண்டது. தழும்பு இன்னும் இருக்கிறது. மோதிரம், வாட்ச் கழற்றிவிட்டுத்தான் பேட்டரி பக்கம் போக வேண்டும்.

இப்போது நான் செய்வது இதுதான். இண்டிகேட்டருக்குப் போடும் 21 வாட் பல்பு ஒன்றை ஹோல்டரோடு எடுத்து பிளஸ் வயரில் சீரிஸாக இணைத்துவிடுவேன். பேட்டரி பிளஸ், ஒட்டினாற்போல் 2 ஆம்பியர் ஃபியூஸ், பிறகு பல்பு, பிறகு மானிட்டரின் சிவப்பு வயர். கறுப்பு மைனஸுக்கு. மானிட்டர் நல்லதாக இருந்தால் பல்பு எரியாது, அல்லது இழை லேசாகச் சிவக்கும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், அப்போதும் 1.75 ஆம்பியர் அளவுக்கு மேல் தொடர்ந்து போகாது, அதனால் எதுவும் கருகாது. பிளஸ் மைனஸ் மாறியிருந்தாலும் பல மானிட்டர்களில் இப்படித்தான் எரியும். பல்பில் ஒன்றிரண்டு வோல்ட் போய்விடும் என்பதால், தேறிய பிறகு பல்பை எடுத்துவிட்டு ஃபியூஸோடு மட்டும் ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: சார், மானிட்டரின் சிவப்பு வயருக்கும் கறுப்பு வயருக்கும் மீட்டரை பீப் அடிக்கும் ரேஞ்சில் வைத்தேன். ஒரு நொடி பீப் அடித்து நின்றுவிட்டது. ஷார்ட்டா?

இல்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர், அதாவது கரண்டைச் சேர்த்து வைக்கும் சின்ன பாகம், சார்ஜ் ஆகிறது. விடாமல் அடித்துக்கொண்டே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

கேள்வி: ஆண்ட்ராய்டு ஸ்டீரியோவுக்கு மஞ்சளில் பிளஸ் கொடுத்தேன், ஆன் ஆகவில்லையே?

மஞ்சள் எப்போதும் பேட்டரி, சிவப்பு சாவி போட்டால் வரும் ஏசிசி. மேஜையில் இரண்டையும் சேர்த்து பிளஸுக்குக் கொடுங்கள். இதற்கு 5 ஆம்பியர் அடாப்டராவது வேண்டும், ஸ்பீக்கர் இணைக்காமல் பாருங்கள்.

கேள்வி: மானிட்டர் எரிகிறது, ரிவர்ஸ் கேமரா படம் மட்டும் வரவில்லை.

கேமராவுக்கும் தனியாக 12 வோல்ட் வேண்டும், அது போகிறதா பாருங்கள். அப்புறம், மானிட்டரில் ரிவர்ஸ் டிரிக்கர் வயர் (ரிவர்ஸ் கியர் போட்டதைத் திரைக்குச் சொல்லும் வயர்) இருந்தால் அதற்கும் 12 வோல்ட் காட்டினால்தான் திரை கேமராவுக்கு மாறும். இரண்டும் சரி என்றால் கேமரா ஏஎச்டி (அதிகத் தெளிவு தரும் வேறு சிக்னல்) வகையா என்று பெட்டியில் பாருங்கள். மஞ்சள் ஆர்சிஏ பின் பொருந்திவிடும், ஆனால் சாதாரண மானிட்டரில் படம் ஒழுங்காக வராது.

கேள்வி: எவ்வளவு நேரம் ஓட்டிப் பார்ப்பது?

இரண்டு மணி நேரம். நடுநடுவே பின்பக்கம் கை வைத்துப் பாருங்கள். வெதுவெதுப்பு பரவாயில்லை, கை வைக்க முடியாத சூடோ கருகல் வாடையோ வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் அது இன்னும் மோசமாகும். ஹெட்ரெஸ்ட் மாடலில் படம் ஓடும்போதே வயர் நுழையும் இடத்தை மெதுவாக வளைத்துப் பாருங்கள். படம் வெட்டினால் உள்ளே லூஸ்.

கேள்வி: பழைய மானிட்டர் ஒன்று மங்கலாக எரிகிறது. ஆன் செய்தபடியே திறந்து பார்க்கலாமா?

கூடாது. பழைய எல்சிடியில் பின்னால் சின்ன டியூப் லைட் இருக்கும். அதற்கான இன்வெர்ட்டர் 12 வோல்ட்டை நூற்றுக்கணக்கான வோல்ட்டாக்கித் தருகிறது.

கேள்வி: மேஜையில் எல்லாம் தேறிவிட்டது. காரில் 12 வோல்ட் எந்த வயரில் வருகிறது என்று டெஸ்ட் லேம்ப் வைத்துத் தேடலாமா?

ஃபியூஸ் பாக்ஸில் மட்டும் தேடுங்கள். சீட்டுக்கு அடியிலும் ஸ்டீயரிங் கீழேயும் மஞ்சள் உறையோ மஞ்சள் கனெக்டரோ கண்ணில் பட்டால் அது ஏர்பேக். டெஸ்ட் லேம்ப், மீட்டர் எதையும் அதில் வைக்காதீர்கள். அந்தச் சிறு கரண்டே பையை வெடித்துத் திறக்கப் போதுமானதாக இருக்கலாம். ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிளையும் தொடக் கூடாது.