1959-இன் ‘ஓபர்லிகா வெஸ்ட்’ பட்டம்: முதல் நிலையா, ஐந்தாம் நிலையா?

கேள்வி: ஜெர்மனியின் ரூர் பகுதியில் பணிபுரியும் நான், பழைய கால்பந்து நினைவுப் பொருள்களைச் சேகரித்து வருகிறேன். அண்மையில் ஒரு பழம்பொருள் சந்தையில், ‘வெஸ்ட்ஃபாலியா ஹெர்னே – மேற்கு ஜெர்மன் சாம்பியன் 1959’ என்று ஜெர்மன் மொழியில் பொறித்த முக்கோணத் துணிக்கொடி ஒன்றை வாங்கினேன். ஆனால் அந்த ஆண்டின் ஜெர்மன் சாம்பியன் ஐன்ட்ராக்ட் ஃபிராங்க்ஃபர்ட் என்றுதான் எல்லாப் பட்டியல்களிலும் இருக்கிறது. ஹெர்னே ஆடியது ஓபர்லிகா என்ற லீகில் என்கிறார்கள். இன்றைக்கு ஓபர்லிகா ஐந்தாம் நிலை லீக். அப்படியானால் இது உள்ளூர் அளவிலான பட்டம்தானா? என் பதிவேட்டில் இதை எப்படி எழுதுவது? பொருள் போலியாக இருக்கக்கூடுமா?

பதில்: உங்கள் கொடி குறிப்பிடும் பட்டம் உள்ளூர்ப் பட்டம் அன்று. 1959-இல் ஓபர்லிகா வெஸ்ட் என்பது மேற்கு ஜெர்மனியில் ஒரு கழகம் ஆடக்கூடிய மிக உயர்ந்த லீக். அதற்கு மேல் வேறு லீகே கிடையாது. அதே சமயம் அந்தப் பட்டம் ஜெர்மன் சாம்பியன் பட்டமும் அன்று. இந்த இரண்டும் ஒரே நேரத்தில் எப்படி உண்மையாக முடியும் என்பது விளங்கிவிட்டால், அந்தக் காலத்துப் பொருள் எது கையில் கிடைத்தாலும் நீங்களே பதிவு செய்துகொள்ளலாம்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாடு நேச நாடுகளின் ஆட்சிப் பகுதிகளாகப் பிரிந்து கிடந்தபோது, கால்பந்தும் பகுதிவாரியாகவே மீண்டெழுந்தது. அமெரிக்கப் பகுதியில் ஓபர்லிகா சூட் (தெற்கு) 1945-இலேயே தொடங்கிவிட்டது. பிரிட்டிஷ் பகுதியில் சற்றுத் தாமதமாக, 1947-இல் வெஸ்ட் (மேற்கு), நோர்ட் (வடக்கு) என்ற இரண்டு ஓபர்லிகாக்கள் தொடங்கின. தென்மேற்கும் பெர்லினும் தனித்தனி ஓபர்லிகாக்களை நடத்தின. ஆக, நாடு தழுவிய ஒரே லீகான புண்டஸ்லிகா 1963-இல் வரும்வரை மேற்கு ஜெர்மனியின் முதல் நிலை என்பது ஒரே லீகாக இல்லாமல், அருகருகே நடந்த ஐந்து லீகுகளாக இருந்தது. ஒவ்வொன்றின் முன்னணிக் கழகங்களும் பருவத்தின் முடிவில் ஓர் இறுதிச் சுற்றில் மோதின. அதில் வென்ற கழகமே ஜெர்மன் சாம்பியன். உங்கள் கொடியில் உள்ள ‘மேற்கு’ என்ற சொல், இன்றைய நார்த்ரைன்–வெஸ்ட்ஃபாலியா மாநிலத்தின் கால்பந்துப் பகுதியைக் குறிக்கிறதே தவிர, அன்றைய மேற்கு ஜெர்மனி என்ற நாட்டை அன்று. 1959-இல் ஹெர்னே இந்தப் பகுதியில் முதலிடம் பெற்று இறுதிச் சுற்றுக்குப் போனது. அங்கே அதனால் இறுதிப் போட்டியை எட்ட முடியவில்லை. ஃபிராங்க்ஃபர்ட்டும் கிக்கர்ஸ் ஆஃபன்பாகும் பெர்லினில் மோதிய இறுதிப் போட்டியில், கூடுதல் நேரத்தில் 5–3 என ஃபிராங்க்ஃபர்ட் வென்றது.

பகுதிப் பட்டமும் நாட்டுப் பட்டமும் வெவ்வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று 1963. அந்தப் பருவத்தில் ஓபர்லிகா வெஸ்டில் முதலிடம் 1. எஃப்.சி. கொலோனுக்கு, இரண்டாமிடம் போருசியா டார்ட்முண்டுக்கு. ஜூன் 29 அன்று ஸ்டுட்கார்ட்டில் நடந்த இறுதிப் போட்டியில் இதே இரண்டு கழகங்களும் மீண்டும் மோத, டார்ட்முண்ட் 3–1 என வென்று ஜெர்மன் சாம்பியன் ஆனது. எனவே ‘1963 சாம்பியன்’ என்று மட்டும் பொறித்த பொருளைக் கண்டால், எந்தப் பட்டத்தைச் சொல்கிறது என்று பார்க்காமல் பதிவு செய்யாதீர்கள்.

இந்த லீக் 1947–48 முதல் 1962–63 வரை பதினாறு பருவங்கள் நடந்தது. டார்ட்முண்ட் ஆறு முறையும் (1948, 1949, 1950, 1953, 1956, 1957), கொலோன் ஐந்து முறையும் (1954, பிறகு 1960 முதல் 1963 வரை தொடர்ந்து நான்கு), ஷால்கே 04 இரண்டு முறையும் (1951, 1958), ரோட்-வைஸ் எஸ்ஸன் இரண்டு முறையும் (1952, 1955), ஹெர்னே ஒரே ஒரு முறையும் (1959) முதலிடம் பிடித்தன. இந்தக் கழகங்களுள் ஹெர்னே தவிர மற்ற நான்கும், 1955-இல் எஸ்ஸன் தொடங்கி, அந்த ஆண்டுகளில் ஜெர்மன் சாம்பியன் பட்டத்தையும் வென்றன. லீகின் தரத்தை எண்ணிப் பார்க்க இன்னொரு வழியும் உண்டு. 1954 ஜூலை 4 அன்று பெர்ன் நகரில் ஹங்கேரியை 3–2 என வென்று உலகக் கோப்பையைக் கைப்பற்றிய ஜெர்மன் பதினொருவரில் மூவர் ஓபர்லிகா வெஸ்டில் ஆடியவர்கள்: கோல்காப்பாளர் டோனி டூரெக் ஃபார்ச்சூனா டுசல்டார்ஃப் கழகத்தவர், ஹான்ஸ் ஷேஃபர் கொலோன் கழகத்தவர், வெற்றி கோலை அடித்த ஹெல்முட் ரான் எஸ்ஸன் கழகத்தவர். இப்படிப்பட்ட லீகை, இன்று அதே பெயரைத் தாங்கும் ஐந்தாம் நிலை லீகோடு ஒன்றாக வைத்துப் பார்ப்பது அந்தக் கழகங்களுக்குச் செய்யும் அநீதி.

குழப்பத்துக்குக் காரணம் பெயரை மீண்டும் மீண்டும் பயன்படுத்தியதுதான். 1963-இல் முதல் நிலையிலிருந்து மறைந்த ஓபர்லிகா என்ற பெயர், எழுபதுகளில் மூன்றாம் நிலைக்குத் திரும்பி வந்தது. 1994-இல் ரெகியோனல்லிகா மூன்றாம் நிலையாக நுழைந்ததும் ஓபர்லிகா நான்காம் நிலைக்கு இறங்கியது. 2008-இல் நாடு முழுமைக்குமான மூன்றாம் லீக் உருவானதும் ஐந்தாம் நிலைக்கு வந்தது. ரெகியோனல்லிகாவின் கதையும் இதுவே: 1963 முதல் 1974 வரை அது இரண்டாம் நிலை. கிழக்கு ஜெர்மனியின் ஓபர்லிகா முற்றிலும் வேறு. அது அந்நாட்டின் ஒரே முதல் நிலை லீக். ஆகையால் உங்கள் பதிவேட்டில் லீகின் பெயரை மட்டும் எழுதாமல், பருவத்தையும் அந்தப் பருவத்தில் அது எத்தனையாம் நிலை என்பதையும் சேர்த்தே எழுதும் வழக்கத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

ஹெர்னேயைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்கள் கொடியின் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. டார்ட்முண்ட், எஸ்ஸன், கெல்சன்கிர்ஷன் ஆகிய பெரிய நகரங்களுக்கு நடுவே அமைந்த நிலக்கரிச் சுரங்க நகரம் அது. ஸ்ட்ருன்கெடே கோட்டையை ஒட்டிய மைதானத்தில் ஆடிய வெஸ்ட்ஃபாலியா, ஃபிரிட்ஸ் லாங்னர் என்ற பயிற்சியாளரின் கீழ், கோல் விடாமல் காக்கும் ஆட்டத்தால் உயர்ந்தது; அதன் கோல்காப்பாளர் ஹான்ஸ் தில்கோவ்ஸ்கி. 1966 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில் இங்கிலாந்துக்கு எதிராக ஜெர்மன் கோலைக் காத்து நின்றவரும் அவரே. 1963-இல் அவர் டார்ட்முண்டுக்குப் போய்விட்டிருந்தார். இதே ஹெர்னேயின் சோடிங்கன் பகுதிக்கும் தனியாக ஒரு முதல் நிலைக் கழகம் இருந்தது என்றால் இன்று நம்ப மறுப்பார்கள். மோன் செனி சுரங்கத்தைச் சார்ந்து வளர்ந்த எஸ்.வி. சோடிங்கன், 1954–55 பருவத்தில் எஸ்ஸனுக்கு அடுத்த இரண்டாமிடத்தைப் பிடித்து இறுதிச் சுற்றுக்கே சென்றது.

சோடிங்கன் தனி விதிவிலக்கு அன்று. எஸ்ஸன் நகரின் கட்டர்ன்பெர்க், கெல்சன்கிர்ஷனின் ஹார்ஸ்ட்-எம்ஷர், டூயிஸ்பர்கின் ஹம்போர்ன் 07, சுரங்கச் சிற்றூரான எர்கன்ஷ்விக் ஆகியவற்றின் கழகங்களும் இந்த லீகில் ஆடின. ரான் கூட எஸ்ஸன் கழகத்துக்கு வருமுன் கட்டர்ன்பெர்கில் ஆடியவர்தான். சிறு குடியிருப்புகள் பெரிய நகரங்களோடு மோத முடிந்ததற்கு அன்றைய ஊதிய விதி ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. நாற்பதுகளின் இறுதியில் வந்த ஒப்பந்த ஆட்டக்காரர் விதிமுறை, ஒருவருக்கு மாதம் 320 மார்க் என்ற உச்சவரம்பை வைத்தது. கால்பந்து தவிர வேறொரு தொழிலும் ஆட்டக்காரருக்கு இருந்தாக வேண்டும். பணத்தால் ஆட்டக்காரரை இழுப்பது, வெளிப்படையாகவாவது, இயலாத அந்த நிலையில், சுரங்கத்தில் ஒரு வேலையும் குடியிருக்க ஒரு வீடும் தரக்கூடிய கழகத்துக்குப் பெரிய வலு இருந்தது. 1958-இல் தொடங்கிய நிலக்கரி நெருக்கடியால் சுரங்கங்கள் மூடப்படத் தொடங்கியபோது அந்த வலு கரையத் தொடங்கியது; ஹெர்னேயின் பட்டம் அந்த வலு கரையத் தொடங்கிய வேளையில் வந்த பட்டம்.

லீகின் முடிவு ஒரு வாக்கெடுப்பில் வந்தது. 1962 ஜூலை 28 அன்று டார்ட்முண்டின் வெஸ்ட்ஃபாலன் மண்டபத்தில் கூடிய ஜெர்மன் கால்பந்துச் சங்கப் பேரவை, நாடு தழுவிய ஒரே லீகைத் தொடங்குவதென 103-க்கு 26 என்ற வாக்குகளில் முடிவெடுத்தது. பதினாறு இடங்களுக்கு 46 கழகங்கள் விண்ணப்பித்தன. மேற்குக்கு ஐந்து இடங்கள் ஒதுக்கப்பட்டன. கொலோன், டார்ட்முண்ட், ஷால்கே, மைடரிஷர் எஸ்.வி., புரோய்சன் மியூன்ஸ்டர் ஆகியவை தேர்ந்தன. கடைசிப் பன்னிரண்டு பருவங்களின் இடங்களைப் புள்ளிகளாக்கி, முதல் நான்கு பருவங்களை ஒரு மடங்காகவும், அடுத்த நான்கை இரு மடங்காகவும், கடைசி நான்கை மும்மடங்காகவும் கணக்கிட்டார்கள். நிதி நிலையும் மைதான வசதியும் கூடவே பார்க்கப்பட்டன. இந்தத் தேர்வை எதிர்த்து அலெமானியா ஆகன் கடுமையாகப் போராடியும் இடம் கிடைக்கவில்லை. 1955-இல் நாட்டின் சாம்பியனாகி, ஐரோப்பியக் கோப்பையில் மேற்கு ஜெர்மனியின் முதல் பிரதிநிதியாக ஆடிய எஸ்ஸனோ, 1961-இலேயே ஓபர்லிகாவிலிருந்து கீழிறங்கிவிட்டதால் போட்டியிலேயே இல்லை. ஹெர்னே உள்ளிட்ட ஏனைய கழகங்கள் ரெகியோனல்லிகா வெஸ்டுக்குப் போயின. இந்தக் கணக்கு முறை எல்லாருக்கும் நியாயமாக அமைந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

இனிப் பொருளின் நம்பகத்தன்மை. துணியையும் சாயத்தையும் நேரில் பார்த்து ஒரு தேர்ந்த மதிப்பீட்டாளர்தான் சொல்ல வேண்டும். ஆனால் எழுத்தை வைத்து நீங்களே பல போலிகளைக் கழித்துவிடலாம். கழகங்களின் பெயர்கள் மாறிய ஆண்டுகளே இதற்கு நல்ல உரைகல். 1. எஃப்.சி. கொலோன் 1948 பிப்ரவரியில் இரண்டு கழகங்கள் இணைந்து உருவானது. அதற்கு முந்தைய ஆண்டைத் தாங்கிய கொலோன் கொடி இருக்க முடியாது. மைடரிஷர் எஸ்.வி. தன் பெயரை எம்.எஸ்.வி. டூயிஸ்பர்க் என்று மாற்றியது 1967-இல், ‘எம்.எஸ்.வி. டூயிஸ்பர்க் – ஓபர்லிகா வெஸ்ட்’ என்று பொறித்திருந்தால் அது பிற்காலத் தயாரிப்பு. வுப்பர்டாலர் எஸ்.வி. 1954-இலும், விக்டோரியா கொலோன் 1957-இலும் இணைப்பின் வழியே பிறந்தவை. மென்ஷன்கிளாட்பாக் நகரின் பெயரை இன்றுள்ளபடி ஒரே சொல்லாக எழுதத் தொடங்கியதே 1960-இல்தான். உங்கள் கொடியின் பெயரும் ஆண்டும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. அதாவது, எழுத்தில் பிழை இல்லை. அது அந்தக் காலத்தில் தைத்ததா, பின்னாளில் நினைவுக்காகத் தைத்ததா என்பதைத் துணிதான் சொல்லும்.

பழைய புள்ளிப்பட்டியல்களைப் பதிவேட்டில் ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. அன்று வெற்றிக்கு இரண்டு புள்ளி, சமநிலைக்கு ஒன்று. பட்டியலில் ‘40:20’ என்றிருந்தால் முதல் எண் பெற்ற புள்ளி, இரண்டாவது இழந்த புள்ளி. முப்பது ஆட்டங்களில் இரண்டும் சேர்ந்து எப்போதும் 60 வர வேண்டும், வராவிட்டால் அச்சுப்பிழை என்று கொள்ளலாம். முதல் இரண்டு பருவங்களில் பதின்மூன்று கழகங்களே ஆடியதால் அந்தக் கூட்டுத்தொகை 48 ஆகும். புள்ளி சமமானால் கோல் வித்தியாசத்தைப் பார்க்காமல், அடித்த கோலை வாங்கிய கோலால் வகுத்தார்கள். 60 அடித்து 30 வாங்கிய அணிக்கும், 80 அடித்து 50 வாங்கிய அணிக்கும் வித்தியாசம் 30 என ஒன்றுதான். ஆனால் வகுத்தால் முதல் அணிக்கு 2.0, இரண்டாவதற்கு 1.6, எனவே முதல் அணியே மேலே நிற்கும். கணினி அட்டவணையில் இன்றைய சூத்திரத்தைப் போட்டுவிட்டு ‘பழைய பட்டியல் தவறு’ என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

உங்கள் கொடிக்கான பதிவை நான் இவ்வாறு எழுதுவேன்: ‘எஸ்.சி. வெஸ்ட்ஃபாலியா ஹெர்னே, ஓபர்லிகா வெஸ்ட் சாம்பியன், 1958–59, முதல் நிலை (ஐந்து பகுதி லீகுகளுள் ஒன்று), ஜெர்மன் சாம்பியன் பட்ட இறுதிச் சுற்றில் பங்கேற்பு.’ வென்ற பட்டங்களுக்கு அடையாளமாகக் கழகங்கள் சட்டைகளில் தைக்கும் நட்சத்திரங்களை வைத்துப் பட்டங்களை எண்ண வேண்டாம். புண்டஸ்லிகா நட்சத்திரங்கள் 1963-க்குப் பிந்தைய பட்டங்களுக்கு மட்டுமே உரியவை. டார்ட்முண்ட் எட்டு முறை ஜெர்மன் சாம்பியனானாலும், அவற்றுள் 1956, 1957, 1963 ஆகிய மூன்றும் அந்தக் கணக்கில் சேர்வதில்லை.

மேலும் சரிபார்க்க விரும்பினால், ஹெர்னே நகர ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். 1959 மே, ஜூன் மாதங்களின் உள்ளூர் நாளிதழ்களைப் பார்க்க வேண்டும் என்று காலத்தைக் குறிப்பிட்டுக் கேட்டால் தேடுவது அவர்களுக்கு எளிதாகும். கொடியின் இரு பக்கங்களையும், ஓரத் தையலையும், தொங்கும் கயிறு கட்டிய இடத்தையும் நல்ல வெளிச்சத்தில் படமெடுத்து உடன் அனுப்புங்கள். அதுவரை அதைத் துவைக்கவோ இஸ்திரி போடவோ வேண்டாம்.