கேள்வி – பதில்: பழுப்பேறாத நாடகப் படங்கள்

கேள்வி: கிட்டப்பா பிறந்த செங்கோட்டைக்காரன் நான். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் லண்டன் ‘தி தியேட்டர்’ இதழின் 1880களின் தொகுப்பு கிடைத்தது. உள்ளே நடிகர் படங்கள் ஒட்டியிருக்கின்றன. கூட இருந்த ஸ்டூடியோ அட்டைப் படங்கள் மஞ்சளித்துவிட்டன. இவை மங்கவே இல்லை. இவை போட்டோவா, அச்சா? சாரல் காலத்தில் எப்படிக் காப்பது?
– வாசகர், செங்கோட்டை

பதில்: பெரும்பாலும் வுட்பரிடைப்பாக இருக்கும். அச்சுதான், ஆனால் புள்ளியே இல்லாத அச்சு. வால்டர் வுட்பரி 1864இல் காப்புரிமை பெற்ற முறை இது. டைக்ரோமேட் என்ற, ஒளி பட்டால் வினைபுரியும் உப்பு கலந்த ஜெலட்டின் படலத்தை நெகட்டிவின் கீழ் வெயிலில் வைத்து, வெந்நீரில் கழுவுவார்கள். வெளிச்சம் பட்ட இடம் இறுகி மேடாக நிற்கும். காய்ந்ததும் அதை ஈயத் தகட்டின்மேல் வைத்து, சதுர அங்குலத்துக்குச் சுமார் 5,000 பவுண்டு அழுத்தம் கொடுத்தால் ஈயம் பள்ளம் வாங்கும். அந்த ஈய அச்சில் நிறமி கலந்த வெதுவெதுப்பான ஜெலட்டினை மையாக ஊற்றித் தாளை வைத்து அழுத்துவார்கள். பள்ளம் ஆழமாக உள்ள இடத்தில் மை தடித்துக் கறுக்கும். மிஞ்சிய மை ஓரங்களில் பிதுங்குவதால் படத்தை வெட்டி வேறு தாளில் ஒட்டியே ஆக வேண்டும். நடிகரின் பெயரைத் தனியாக அச்சிடுவார்கள்.

ஸ்டூடியோ அட்டைகள் ஆல்புமின், அதாவது முட்டை வெள்ளைக்கரு பூசிய தாள். படம் வெள்ளியால் ஆனது, அதனால்தான் மங்குகிறது. ஒவ்வொரு பிரதிக்கும் வெயிலும் வேண்டும். ஈய அச்சுக்கோ ஒருமுறை வெயில் போதும், ஆயிரக்கணக்கில் எடுக்கலாம். மாத இதழ்க்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய வசதி!

உறுதிசெய்ய 10 மடங்கு லென்ஸ் போதும். புள்ளி வலை தெரிந்தால் அது பிற்கால ஹாஃப்டோன், அதாவது புள்ளிகளால் படத்தைக் காட்டும் அச்சு. தாளின் நார் தெளிவாகத் தெரிந்தால் ஆல்புமினாக இருக்கலாம். விளக்கைப் பக்கவாட்டில் பிடிக்கும்போது நடிகரின் கறுப்பு உடை போன்ற கருமையான இடங்கள் லேசாக மேடிட்டிருந்தால் வுட்பரிடைப். கருமையில் மயிரிழை வெடிப்பும் இருக்கலாம்.

தண்ணீர் தொட்டுத் துடைக்கவே வேண்டாம், ஜெலட்டின் ஊறிவிடும். ஒட்டிய தாளிலிருந்து உரிக்காதீர்கள். பிளாஸ்டிக் உறை சாரல் ஈரத்தில் படத்தோடு ஒட்டிக்கொள்ளும்; அமிலமற்ற தாளை இடையில் வைத்து, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெலட்டினும் பசையும் ராமபாணப் பூச்சிக்குப் பிடித்த தீனி. மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

கேள்வி: நடிகர் அட்டைகளில் சிறிது, பெரிது என இரண்டு அளவு ஏன்?
– வாசகி, களியக்காவிளை

பதில்: சிறியது கார்ட் தெ விசிட், சுமார் 2½ × 4 அங்குலம், பாரிஸில் திஸ்தேரி என்ற போட்டோகிராபர் 1854இல் காப்புரிமை பெற்றது. பெரியது 1860களில் வந்த கேபினட், 4¼ × 6½ அங்குலம். உடையும் முகபாவமும் தெளிவாக விழும் என்பதால் நாடகக்காரர்களுக்கு இது பொருந்தியது. அட்டையின் பின்புறம் பேனாவால் எழுதாதீர்கள். அங்கே அச்சான ஸ்டூடியோ முகவரி காலத்தைக் கணிக்க உதவும்.